எடுக்கிற தண்ணிக்கு மானியம் உண்டு, விடுகிற தண்ணிக்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவர் சொட்டு நீர் மானியத்துக்கு விண்ணப்பம் எழுத வந்திருந்தார். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு இது ஒரு வேலையாகிவிட்டது. சிட்டா, அடங்கல், ஆதார், சிறு குறு விவசாயி சான்று எல்லாவற்றையும் சரிபார்த்து அடுக்கிக் கொடுத்தேன். கிளம்பும்போது கேட்டார்: "ஏனுங் வாத்தியாரே, நாலு வருசத்துக்கு முன்னால வெட்டுன பண்ணைக்குட்டை மண்ணு மூடிப் போச்சுங்க. அதைத் தூர் வாரறதுக்குத் திட்டம் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"வெட்டறதுக்குத்தான் மானியம் தம்பி. பராமரிப்பு நம்ம பாடு" என்றேன். பொக்லைன் மணிக்கணக்கு வாடகையை நினைத்தோ என்னவோ, சிரித்துக்கொண்டே போய்விட்டார். குட்டை அப்படியேதான் கிடக்கிறது.

அன்று ராத்திரி ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பூமியிலிருந்து தண்ணீரை எடுப்பதற்கு நமக்கு என்னென்ன கிடைக்கிறது? 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம். எடுத்த தண்ணீரைச் சிக்கனமாகப் பாய்ச்சச் சொட்டு நீர்க் கருவிகள். சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதம் மானியம், மற்றவர்களுக்கு 75 சதம். தமிழக அரசு இதில் மற்ற பல மாநிலங்களை விடத் தாராளமாகவே கொடுக்கிறது. நன்றி மறக்கக் கூடாது.

ஆனால் எடுத்த தண்ணீரைத் திரும்பப் பூமிக்குள் விடுபவனுக்கு? ஒரு முறை குட்டை வெட்டிக் கொடுப்பார்கள், அங்கங்கே தடுப்பணை கட்டுவார்கள். அதோடு சரி.

ஊருக்கு உபதேசம் செய்வதற்கு முன்னால் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கய்யன் காலத்துக் கிணறு 60 அடி. கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அந்தக் கிணற்றில்தான் நீச்சல் பழகினேன். இன்று அது குப்பை விழாமல் கம்பி வலை போட்டு மூடிய பள்ளம். போர் 900 அடியில் நிற்கிறது. எங்கள் தென்னைக்கு நானும் மானியத்தில் சொட்டு நீர் போட்டேன். தண்ணீர் உண்மையிலேயே மிச்சமானது. மிச்சமான தண்ணீரை என்ன செய்தேன்? அதுவரை மழையை நம்பிச் சோளம் விதைத்துக்கொண்டிருந்த ஒன்றரை ஏக்கர் காட்டிலும் தென்னங்கன்று வைத்தேன். மோட்டார் முன்பு ஓடிய அதே நேரம்தான் இப்போதும் ஓடுகிறது. மிச்சம் பிடித்தது நான், வரவு வைத்தது தென்னை. பூமிக்கு ஒரு சொட்டும் திரும்பவில்லை.

இது என் ஒருவனுடைய பேராசை என்றால் விட்டுவிடலாம். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் நீர் சிக்கனக் கருவிகளுக்கு மானியம் கொடுத்தபோது, நிலத்தடி நீர் எடுப்பது குறையவில்லை, கூடியது என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அங்கேயும் நம்மைப் போன்ற மனிதர்கள்தானே.

இதற்காக இலவச மின்சாரத்தை நிறுத்து, மீட்டர் மாட்டு என்று நான் சொல்ல வரவில்லை. மின் கட்டணம் ஏறியதை எதிர்த்து 1970-ல் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் உயிரை விட்டார்கள். 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை நகரமே மாட்டுவண்டிகளால் நிறைந்தது. அப்படி வாங்கிய உரிமை அது. என் கேள்வி வேறு. எடுப்பதற்கு ஒரு கை கொடுக்கும் அரசு, திரும்ப விடுவதற்கு இன்னொரு கை கொடுக்கக் கூடாதா?

பஞ்சாபில் 2018-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். இலவச மின்சாரம் தொடரும். ஆனால் ஒதுக்கிய அளவை விடக் குறைவாக எடுத்தால், மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் விவசாயியின் கணக்குக்கு வரும். இப்படியும் யோசிக்க முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் கேட்பது அதைவிட எளிது. குட்டையைத் தூர் வாரி வைத்திருப்பவர், வரப்பை உயர்த்தி மழைநீரைக் காட்டிலேயே நிறுத்துபவர், வறண்ட கிணற்றுக்குள் மழைநீரை வடிகட்டி இறக்குபவர், இவர்களுக்கு வருடா வருடம் ஒரு தொகை. பி.எம். கிசானில் 2019 முதல் வருடம் 6,000 ரூபாய் மூன்று தவணையாக நேரே வங்கிக் கணக்குக்கு வருகிறதே, அதே வழியில் போடலாம். போட்டோவுக்காகக் குட்டை வெட்டி ஏமாற்ற மாட்டார்களா என்று கேட்பீர்கள். ஐப்பசி மழை முடிந்ததும் நேரில் வந்து பார்த்தால் எந்தக் குட்டையில் தண்ணீர் நின்றது என்று தெரிந்துவிடும். ஊரார் கண்ணுக்கு மறைத்து எந்தக் குட்டையும் இருக்க முடியாது.

ஒரு ஏக்கரில் ஒரு அங்குல மழை பெய்தால் சுமார் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். 10,000 லிட்டர் லாரியில் பத்து லோடு. 2017 வறட்சியில் தென்னையைக் காப்பாற்ற லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றியவர்களுக்கு ஒரு லோடின் அருமை தெரியும். ஒவ்வொரு மழையிலும் அத்தனை லோடை ஓடையில் போகவிட்டு, வெயில் காலத்தில் காசு கொடுத்து வாங்குகிறோம்.

மார்ச் 22 உலக தண்ணீர் தினம். அன்று கிராம சபை கூடும். நம் ஊராட்சியில் வெட்டிய பண்ணைக்குட்டைகள் எத்தனை, அதில் இன்று தண்ணீர் நிற்பவை எத்தனை என்று மட்டும் கேளுங்கள். பராமரிப்புத் தொகை வேண்டும் என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். நானும் கேட்கப் போகிறேன். அதற்கு முன்னால் என் ஒன்றரை ஏக்கர் காட்டின் மேட்டு வரப்பைச் சரிசெய்து, அய்யன் கிணற்றுக்கு ஒரு வடிகட்டித் தொட்டி கட்ட ஆள் சொல்லியிருக்கிறேன். மானியம் வந்தால் பார்க்கலாம் என்று இனிமேலும் காத்திருக்க எனக்கு வயதில்லை.

உங்கள் ஊர்க் குட்டை எப்படி இருக்கிறது? கீழே எழுதுங்கள்.