பெட்டியைத் திறந்து வையுங்கள்

கரும்பலகையில் சதுரம் வரைந்து கேட்டால் இரண்டாம் வகுப்பு ஒரே குரலில் பெயர் சொல்லும். அதையே திருப்பி முனையில் நிற்கிறாற்போல வரைந்தால் பலருக்கும் ‘டைமண்ட்’ ஆகிவிடுகிறது. ஒல்லியாகச் சாய்ந்த முக்கோணத்தை முக்கோணமே இல்லை என்று மறுக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. சுவர்ப்படத்து முக்கோணம் எப்போதும் மூன்று பக்கமும் சமமாக, அடி ஊன்றித்தானே நிற்கிறது?

நெதர்லாந்தின் வான் ஹீலே ஆசிரியத் தம்பதி 1957இல் தங்கள் முனைவர் பட்ட ஆய்வுகளில் இதை விளக்கினார்கள். குழந்தை முதலில் காண்பது முழுத் தோற்றத்தை மட்டுமே. பக்கம், கோணம் எனப் பண்புகளைப் பிரித்தறிவது அடுத்த படி. வயது ஏறுவதால் மட்டும் அந்தப் படி வந்துவிடாது, கற்பிக்கும் முறைதான் ஏற்றிவிட வேண்டும் என்றார்கள்.

அதற்குப் பெரிய செலவில்லை. மருந்து கிள்ளிய தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளால் கோக்கும் வழியை, எளிய பொருட்களால் அறிவியல் பொம்மைகள் செய்யும் அரவிந்த் குப்தா நாடெங்கும் பரப்பியிருக்கிறார். மூன்று குச்சிகளைக் கோத்தால் எந்தப் பக்கம் அழுத்தினாலும் கோணம் மாறாது. நான்கைக் கோத்த சதுரமோ விரல் பட்டதும் சாய்சதுரமாகிவிடும். நான்கு பக்கமும் அப்படியே சமம். ஆனாலும் அது சதுரமில்லை. ஏன்? நிமிர்த்திப் பிடித்துக் குறுக்கே இன்னொரு குச்சி கொடுத்துப் பார்த்தால் அதே நீளக் குச்சி எட்டுவதில்லை. அது ஏன்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒரு பாடவேளை முழுவதையும் கொடுக்கலாம். மின்கோபுரத்தில் எதற்கு இத்தனை முக்கோணங்கள் என்ற கேள்வி, வீடு திரும்பும் வழியில் தானே வரும்.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றலையும், 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தையும் கண்ட மாநிலம் இது. கொள்கைக்குப் பஞ்சமில்லை. ஆனால் இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள் தொலைந்தால் பதில் சொல்லவேண்டியவர் ஆசிரியர் என்றால், துணைக்கருவிகள் அடங்கிய கணிதப் பெட்டி பீரோவில்தான் பத்திரமாக இருக்கும். உடைவதையும் தொலைவதையும் தலைமையாசிரியரே கழித்தெழுத அனுமதிக்க வேண்டும். குழந்தைகளின் கையில் உடையாத துணைக்கருவி, கைக்குப் போகாத துணைக்கருவி.

ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள், இதற்கு நேரமேது என்ற முறையீடு நியாயமானது. நியமனங்கள் வேண்டும், மறுப்பில்லை. ஆனாலும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை குச்சிகளை வகைபிரிக்க, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கோணம் பார்க்க, கலந்த வகுப்பிலும் இது நடக்கும். உருவத்துக்குப் பெயர் எழுதும் பயிற்சித்தாள்களைப் பாதியாகக் குறைத்தால் நேரமும் கிடைக்கும். மதிப்பீட்டுத் தாளில் ‘இதன் பெயர் என்ன?’ என்பதோடு ‘இது ஏன் சதுரமில்லை?’ என்ற கேள்வியும் அடுத்த பருவத்திலிருந்தே இடம்பெற வேண்டும்.