பாக்டீரியா திறக்கும் ஜன்னல், நூலில் ஓடும் சிக்னல்: 'ஸ்மார்ட் சட்டை' இனயம் மீனவருக்கு உதவுமா?

துணி, எலக்ட்ரானிக்ஸ், உயிரியல் மூன்றையும் சேர்த்து உடை தைக்கும் ஆராய்ச்சி உலகம் முழுக்க நடக்கிறது. பெரும்பாலும் ஓட்டப்பந்தய வீரர்களையும் ராணுவத்தையும் மனதில் வைத்துத்தான். ஆனால் இந்த உடை நிஜமாகவே தேவைப்படும் இடம் கன்னியாகுமரி மாவட்டத்தின் இனயம் மாதிரியான கடற்கரை ஊர்கள்.

ஏன் இனயம்?

2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி புயல் இந்தக் கரையோரத்தை உலுக்கியது. தமிழ்நாடு, கேரளாவைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான மீனவர்கள் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். எச்சரிக்கை வந்தபோது பல படகுகள் செல்போன் டவர் எட்டாத தூரத்தில் இருந்தன.

ஆபத்தில் இருக்கும் படகு செயற்கைக்கோள் வழியாகத் தகவல் அனுப்பும் இஸ்ரோவின் கருவி 2010 முதலே இருக்கிறது. 2024 ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவி, 'தகவல் கிடைத்துவிட்டது' என்று பதிலும் அனுப்பும். புயல் எச்சரிக்கையையும் படகுக்கே கொண்டுவரும். செல்போனோடு ப்ளூடூத்தில் இணையும்.

நல்ல விஷயம்தான். ஆனால் கருவி இருப்பது படகில். ராத்திரியில் அலை தட்டி ஒருவர் கடலில் விழுந்தால் அவரால் பட்டனை அழுத்த முடியாதே! அவர் உடம்போடு கூடவே இருப்பது சட்டை மட்டும்தான்.

சட்டைக்குள் சர்க்யூட்

இதில் முன்னோடி, சென்னைப் பல்கலைக்கழகத்தில் டெக்ஸ்டைல் படித்த சுந்தரேசன் ஜெயராமன். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் 1990-களின் பிற்பகுதியில், ராணுவ வீரர்களுக்காக அவர் குழு ஒரு சட்டையை நெய்தது. துணியிலேயே ஒளியிழையும் மின்சாரம் கடத்தும் நூலும் ஓடும். குண்டு துளைத்தால் இழை அறுந்து இடம் தெரியும். இதயத்துடிப்பையும் சென்சார்கள் படிக்கும். கம்ப்யூட்டரின் மதர்போர்டு மாதிரி, இங்கே துணியே போர்டு.

பாக்டீரியாவுக்கு என்ன வேலை?

லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு வலை இழுத்தால் புழுக்கம் தாங்காது. அதனால் பல நேரம் அது ஓரமாகக் கிடக்கும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வு இங்கேதான் முக்கியமாகிறது. நோய் தராத பாக்டீரியாவை மெல்லிய லேடெக்ஸ் தாளில் பூசினார்கள். ஈரம் பட்டால் செல்கள் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அந்த இழுப்பில் தாள் வளைந்து, உடையில் வெட்டி வைத்த சின்னச் சின்ன 'ஜன்னல்கள்' திறக்கும். உடற்பயிற்சி தொடங்கி சுமார் 5 நிமிடத்தில், வியர்க்கும் நேரத்தில், தானாகத் திறந்தன. மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை.

ஆனால் அது ஆய்வுக்கூடம். இனயத்தில் காற்றே ஈரம். உடம்பு வியர்க்கும் முன்பே ஜன்னல் திறந்துவிட்டால்? அலை தெறித்தால்? உப்புத் தண்ணீர் உலோக நூலை அரிக்கும். துவைக்கும்போது கல்லில் அடிக்கும் அடியையும் சட்டை தாங்க வேண்டும். இந்தச் சோதனைகளை ட்ரெட்மில்லில் செய்ய முடியாது, வள்ளத்தில்தான் செய்ய வேண்டும்.

முதலில் எது வேண்டும்?

இதயத்துடிப்பு வரைபடம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இந்த மீனவருக்கு முதல் தேவை ஒரே ஒரு தகவல்: 'ஆள் தண்ணீரில்'. இரண்டு மின்முனைகளுக்கு நடுவே உப்புத் தண்ணீர் வந்தால் மின்சாரம் பாயும். அதை வைத்தே உடையிலிருந்து படகுக்கு அலாரம் அடிக்கலாம். லைஃப் ஜாக்கெட்டில் மாட்டும் அலாரம் கருவிகள் வெளிநாடுகளில் ஏற்கெனவே விற்பனையில் உள்ளன. ஆனால் தெறிக்கும் அலைக்கும் முழுசா மூழ்குவதற்கும் வித்தியாசம் தெரியாத சென்சார் ஒரு நாளைக்கு நூறு தடவை கத்தும். இரண்டாவது நாளே அதை யாராவது கழற்றி வைத்துவிடுவார்கள்.

துணிக்கு வெளியூர் போக வேண்டாம். திருப்பூரில் பனியன் துணி, கோவையில் சிட்ரா டெக்ஸ்டைல் ஆய்வு நிலையம், செயற்கைக்கோள் இணைப்புக்கு இஸ்ரோ. எல்லாம் பக்கத்திலேயே இருக்கிறது. அவற்றை ஒன்று சேர்த்து, வலை இழுப்பவரிடமே போட்டுப் பார்க்கச் சொல்லும் திட்டம்தான் வேண்டும். அளவு எடுக்கும்போதே அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: கை தூக்கும்போது அக்குளில் பிடிக்கிறதா?