பில் சரி, சிப்பு சரியா?

ஆடிட்டிங் வகுப்பில் வவுச்சிங் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா மக்களே? பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வந்த ரசீது, இன்வாய்ஸ் மூன்றும் ஒத்துப்போனால் ஒரு டிக். சிமெண்ட் மூட்டைக்கு இது போதும். எலக்ட்ரானிக் சிப்புக்கு?

அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2012-ல் ஒரு அறிக்கை வெளியிட்டது. இல்லாத ஒரு கம்பெனியின் பெயரில் இணையச் சந்தைகளில் ராணுவத் தர சிப்புகளை வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். வாங்கியது 16. ஒன்றுகூட ஒரிஜினல் இல்லை! கூத்து என்னவென்றால், அதில் 4 சிப்புகளின் பார்ட் நம்பர் இவர்களே கற்பனையாக எழுதியது. உலகத்திலேயே இல்லாத அந்தச் சரக்கும் வந்து சேர்ந்தது. நம் வவுச்சிங் முறைப்படி மூன்று டிக் போட்டிருக்கலாம் :-)

போலி செய்வது பெரிய வித்தை இல்லை. குப்பைக்குப் போன போர்டைச் சூடாக்கிச் சிப்பைக் கழற்றி, மேலுள்ள எழுத்தைத் தேய்த்து, கறுப்புப் பூச்சு அடித்து, புதுத் தேதி அச்சடித்தால் முடிந்தது. மட்டமான பூச்சு என்றால் அசிட்டோன் பஞ்சிலேயே கலைந்துவிடும். நல்ல போலிக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும், இல்லை உறையை உடைத்துப் பார்க்க வேண்டும். உடைத்த சிப்பு யாருக்கு உதவும்? அதனால் சாம்பிள்தான் பார்ப்பார்கள். நல்லதோடு போலியைக் கலந்து அனுப்பினால் சாம்பிள் தப்பிவிடும்.

ஆகவே என் கட்சி இதுதான்: லேபை விட பர்ச்சேஸ் டிபார்ட்மெண்டைக் கவனியுங்கள். 'குறைந்த கொட்டேஷனுக்கே ஆர்டர்' என்ற விதிதான் போலிக்குக் கதவு திறக்கிறது. 2011 டிசம்பர் 31-ல் கையெழுத்தான அமெரிக்கச் சட்டம் ஒன்று, ராணுவத்துக்குப் போலி சிப்பு வந்துவிட்டால் அதை மாற்றும் செலவை கான்ட்ராக்டர் தலையில் கட்டியது. காசு போகும் என்றால்தான் கண் திறக்கும்!

ஆனால் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும்? புளோரிடாவைச் சேர்ந்த ஒனூர் அக்சோய், சீனாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் வந்த போலி சிஸ்கோ கருவிகளை அமேசான், ஈபே கடைகள் வழியாக விற்றார். ராணுவத்துக்கும் போயிருக்கிறது. 2024-ல்தான் ஆறரை வருட ஜெயில் கிடைத்தது.

உற்பத்தியாளரின் அங்கீகாரம் பெற்ற டீலரிடம் மட்டும் வாங்கு என்றால், விமானம் முப்பது வருடம் பறக்கிறது, அதிலுள்ள சிப்போ எப்போதோ தயாரிப்பை நிறுத்தியது என்பார்கள். நியாயம்தான். அந்த இடத்தில் மட்டும் புரோக்கரிடம் போகட்டும், லேப் செலவையும் விலையோடு கூட்டிக் கணக்குப் பார்க்கட்டும். மற்றதற்கெல்லாம், தொழிற்சாலையிலிருந்து நம் கோடவுன் வரை யார் யார் கைமாறியது என்ற தாள் இல்லாத இன்வாய்ஸுக்கு நான் டிக் போட மாட்டேன்.