திவாலானவரிடம் உபயம் கேட்காதீங்க

பக்தர்களே, மனசுல பட்டதைச் சொல்றேன்.

மலேசியாவில் கடன் 100,000 ரிங்கிட்டை எட்டினால் திவால் வழக்குப் போடலாம். திவாலானவர் சம்பளத்தில் மாதாமாதம் இன்சால்வென்சி இலாகாவுக்குக் கட்டணும். அனுமதியில்லாமல் வெளிநாடு போக முடியாது. மிச்சப் பணத்தில்தான் வாடகை, அரிசி, பிள்ளைகளின் பள்ளி பஸ் எல்லாம். அவரிடம் நாலு பேர் முன்னால், "போன வருஷம் உபயம் எடுத்தீங்களே, சாமி காரியத்தை நிறுத்தலாமா?" என்று கேட்பது பக்தியா? அந்த வெட்கம்தான் ஆலோங் வாசலுக்குத் தள்ளுது!

குடும்பம் பசியாமல் பார்ப்பதும் சாமி காரியம்தான். உபயம் நின்னாலும் மரியாதை நிற்கக் கூடாது. அவர் பூ கட்டட்டும், பந்தியில் நம்மோடு உட்காரட்டும்.

கடன் கழுத்தை நெரிக்குதா? திவாலாகும் முன்னே ஏகேபிகே-க்குப் போங்க. ஆலோசனை இலவசம்.

முருகன் ரசீது கேட்கலை. நாமதான் கேட்கிறோம்.