மணல்மேடு இல்லாத வீரம்

பழைய போர்களைச் சிற்றுருவங்களைக் கொண்டு மேசைமேல் ஆடிப் பார்க்கும் கலையைப் பற்றி இலக்கிய அன்பர்களிடம் பேச்செடுத்தால் இரண்டு விடைகள் ஆயத்தமாக வருகின்றன. ஒன்று, 'இது சிறுபிள்ளை விளையாட்டு'. மற்றொன்று, 'இது வெள்ளைக்காரனின் போர்வெறி'. இரண்டையும் மறுக்கவே இதனை எழுதுகிறோம். வீரத்தைப் பற்றி ஓயாது பேசும் தமிழ்ச் சூழலுக்கு இந்த மேசை இன்றியமையாதது என்பது நம் கட்சி.

விளையாட்டு இன்னதென்று முதலில் சொல்லிவிடுவோம். ஓர் அங்குல உயரமுள்ள படைவீரர் உருவங்கள். அந்தந்தக் காலத்துச் சீருடைக்கேற்ற வண்ணப்பூச்சு. உண்மையான போர்க்களத்தை ஒத்து மேடும் ஓடையும் தோப்புமாகக் கையால் செய்த நிலம். அடிக்கோல் கொண்டு அளந்தே படையை நகர்த்த வேண்டும். தற்செயலுக்குப் பகடை. 1824-இல் பிரஷ்யத் தலைமைத் தளபதியகம் இத்தகைய விளையாட்டைத் தன் அதிகாரிகளின் பயிற்சிக்கு ஏற்றுக்கொண்டது. 1913-இல் நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸ் 'லிட்டில் வார்ஸ்' என்ற நூலால் அதனை வீட்டுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். சதுரங்கத்தைத் தந்த நாட்டினர் இதனை அந்நியம் என்று ஒதுக்குவது வேடிக்கை.

ஆயினும் நம் வாதத்துக்குப் பிரஷ்யா தேவையில்லை, தொல்காப்பியமே போதும். புறத்திணைகளை வகுத்த ஆசிரியர் ஒவ்வொன்றையும் ஒரு நிலத்தின் அகத்திணைக்குப் புறனாக வைத்தார். ஆநிரை கவரும் வெட்சி குறிஞ்சிக்கு, மண்ணாசையால் படையெடுக்கும் வஞ்சி முல்லைக்கு, மதில் முற்றும் உழிஞை மருதத்துக்கு, நேர்நின்று பொரும் தும்பை நெய்தலுக்கு. போரை நிலத்தோடு இணைத்தே எண்ண வேண்டும் என்ற அறிவு இம்மொழியில் ஆதியிலேயே இருந்தது. நாம்தான் பூவின் பெயரை மனப்பாடம் செய்துகொண்டு நிலத்தைத் தொலைத்தோம்.

நாம் வாழும் லால்பேட்டை வீராணம் ஏரிக்கரையில் உள்ளது. 'பொன்னியின் செல்வன்' ஓர் ஆடிப்பெருக்கில் தொடங்குவது இந்தக் கரையில்தான். ஏரியை வெட்டுவித்தவன் பராந்தகனின் மகன் இராசாதித்தன் என்பது வழிவழி வரும் செய்தி. அவன் 949-இல் தக்கோலத்தில் யானைமேல் இருந்தபடியே மாண்டான் என்று மாணவர்கள் உணர்ச்சியோடு எழுதுகிறார்கள். அவன் படையுடன் தங்கியிருந்த திருநாவலூரிலிருந்து தக்கோலம் எத்தனை நாள் நடை? வழியில் எத்தனை ஆறுகள்? யானைக்கும் குதிரைக்கும் தீனி எங்கிருந்து வந்தது? இவற்றை எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. எந்த வரலாற்று நாவலும் அதிகம் கவலைப்படுவதில்லை. நிலமும் தொலைவும் பசியும் இல்லாத வீரம் வெறும் பெருமிதமாகச் சுருங்குகிறது. பெருமிதம் மேடைக்கு உதவும், அறிவுக்கு உதவாது.

மேசை என்ன செய்யும் என்பதற்கு அண்மையிலேயே சான்று உண்டு. 1781 ஜூன் 18-இல் ஆங்கிலத் தளபதி அயர் கூட், ஹைதர் அலியின் காவற்படை அரண்செய்திருந்த சிதம்பரம் கோயிலைத் தாக்கித் தோற்றுப் பின்வாங்கினார். ஜூலை 1-இல் பரங்கிப்பேட்டைக்கு அருகே, கடலூர் செல்லும் வழியை மறித்து ஹைதர் நின்றார். முன்னது உழிஞை, பின்னது நெய்தல் மணலில் நிகழ்ந்த தும்பை. இரண்டு வாரத்துக்குள் இரண்டு திணைகள்! பாடநூலில் இது ஒற்றை வரி: 'ஹைதர் தோற்றார்'. ஏன் தோற்றார்?

சமதளப் பலகையில் படைகளை வைத்துப் பாருங்கள், விடை கிடைக்காது. கடலோரத்து மணல்மேடுகளைச் செய்து வையுங்கள். கூட் நேரே அரண்களின்மேல் மோதாமல் கிழக்கே திரும்பி, மேடுகளின் மறைவில் நகர்ந்து, ஓர் இடைவெளி வழியே பக்கவாட்டில் வெளிப்பட்டது அப்போதுதான் விளங்கும். அரிசிக்கும் அவர் கடலையே நம்பியிருந்தார் என்பதும், கடலோரத்தைவிட்டு அவர் விலகாததன் காரணமும் விளங்கும்.

எண்ணிக்கைகளையும் மேசை விசாரணைக்கு இழுக்கிறது. கூட்டிடம் இருந்தவர்கள் ஏறத்தாழ 8,000. ஹைதரின் படையை 40,000 என்பாரும் உண்டு, 80,000 என்பாரும் உண்டு. உருவம் ஒன்றுக்கு 30 பேர் என்று கொண்டால் ஒருபுறம் 270 உருவங்கள்; மறுபுறம் 1,300-ஆ, 2,700-ஆ? படித்துக் கடந்துவிடும் எண்ணை இங்கே இடம்கொடுத்து நிறுத்தியாக வேண்டும். வென்றவன் எழுதிய கணக்கை ஐயுறும் பழக்கம் அங்கே பிறக்கிறது. அதைவிடச் சிறந்த ஆராய்ச்சிப் பயிற்சியை நாம் அறியோம்.

செலவு என்பார்கள். புரட்டாசிக் கொலுவில் கேழ்வரகு முளைக்கவிட்டு வயலும், கண்ணாடித் துண்டால் குளமும் அமைக்கும் வீடுகள் நம்முடையவை. பண்ருட்டிப் பொம்மைகள் நம் மாவட்டத்தவை. தெர்மாகோலும் பசையும் ஆற்றுமணலும் தேங்காய் நாரும் இருந்தால் களம் ஆயத்தம். கைவினை நம்மிடம் உண்டு; அதனைக் கேள்வி கேட்கப் பழக்கவில்லை என்பதே குறை.

இறுதியாக ஒரு கடுமையான மறுப்பு: மாண்டவர்களை வைத்து விளையாடுவது அறமா? மதிக்கத்தக்க கேள்வி. ஆனால் திரையில் நூறு தலைகள் உருளும்போது கைதட்டும் அரங்கை நோக்கி இதே கேள்வியை எழுப்பாதவர்கள் எம்மிடம் மட்டும் எழுப்புவது நேர்மையன்று. வெல்ஸ் தம் நூலின் முடிவில் சொல்லும் கருத்தே, இச்சிறு போரை ஆடியவனுக்கு உண்மைப் போரின் மடமை புரியும் என்பதுதான். பரங்கிப்பேட்டையில் வென்ற கூட்டின் தரப்பில் மாண்டவரும் காயமுற்றவரும் சுமார் 300 பேர். மேசையில் அது பத்து உருவங்கள். அந்தப் படையில் பெரும்பான்மையினர் இந்நாட்டுச் சிப்பாய்கள். அவர்களுக்குப் பரணி பாடியவர் எவருமில்லை. ஒவ்வொன்றுக்கும் கண்ணும் தலைப்பாகையும் எழுதியவன் அந்தப் பத்தையும் ஓரமாக எடுத்துவைக்கும்போது கைதட்ட மாட்டான்.

வீரத்தைப் போற்றுவோர் போற்றட்டும். அதற்குமுன் ஒருமுறை அந்த மணல்மேட்டைத் தம் கையால் செய்து பார்க்கட்டும்.