ஆயிரம் பேர், ஒரே தாளம்!

ரசிகர்கள் என்ற சொல்லைக் கேட்டதுமே நம் தோழர்களில் பலர் முகஞ் சுளிப்பதுண்டு. வேலை வெட்டி இல்லாதவர்கள், கூச்சல் போடுகிறவர்கள், எவனோ ஒருவனுடைய புகழுக்காகத் தம் காசையும் காலத்தையும் கரைப்பவர்கள் என்று ஒரு சித்திரம் மனத்தில் படிந்து கிடக்கிறது. அந்தச் சித்திரத்தில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் அதுவே முழு உண்மை ஆகிவிடுமா? ஆகாது என்பதற்கு இத்தாலி நாட்டின் செசேனா நகரம் சாட்சி சொல்கிறது.

2015-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி. அந்நகரின் குதிரைப் பந்தயத் திடலை ஒட்டிய பூங்காவில் ஆயிரம் பேர் கூடினார்கள். பொதுக்கூட்டம் அல்ல, திருவிழாவும் அல்ல. கிதார் ஏந்தியவர்கள் 350 பேர். பாடகர்கள் 250 பேர். டிரம் அடிப்பவர்கள் 250 பேர். அடித்தந்தி கிதாரான பேஸ் வாசிப்பவர்கள் 150 பேர். இந்த ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில், ஒரே பாட்டை, ஒரே தாளத்தில் வாசித்தார்கள். அமெரிக்காவின் ஃபூ ஃபைட்டர்ஸ் என்னும் ராக் கோஷ்டி 1999-ல் வெளியிட்ட 'லேர்ன் டு ஃப்ளை' என்ற பாட்டு அது. எதற்காக வாசித்தார்கள்? எங்கள் ஊருக்கு ஒரு முறை வந்து பாடுங்கள் என்று அந்தக் கோஷ்டியைக் கேட்பதற்காக!

அவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றும். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பார்ப்போம்.

சிற்றூருக்கு யார் வருவார்?

செசேனா ஒரு லட்சத்துக்கும் குறைந்த மக்கள் வாழும் நகரம். உலகப் புகழ் பெற்ற கோஷ்டிகள் இத்தாலிக்கு வந்தால் மிலானுக்குப் போகும், ரோமுக்குப் போகும், மிஞ்சினால் பொலோஞாவுக்குப் போகும். செசேனா வழியாக ரயிலில் போகலாமே தவிர, அங்கே இறங்காது.

ஏன் இறங்காது? இன்றைய இசை ஒரு பெருந்தொழில். லாரி லாரியாக வந்திறங்கும் ஒலிபெருக்கிகள், விளக்குகள், நூற்றுக்கணக்கான சிப்பந்திகள், ஏஜெண்டுகள், கம்பெனிகள் என்று செலவு பெரிது. அந்தச் செலவும் அதற்கு மேல் லாபமும் எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் மேடை. பாட்டுக்கு ஏங்கும் காது எங்கே இருக்கிறது என்று வியாபாரம் பார்ப்பதில்லை. எத்தனை ஆசனம் இருக்கிறது என்றுதான் பார்க்கிறது. ஆஸ்பத்திரியும் கல்லூரியும் தொழிற்சாலையும் பெரிய நகரத்தைத் தேடி ஓடுவதற்கும் இதற்கும் கணக்கு ஒன்றே. சின்ன ஊர்க்காரன் எல்லாவற்றுக்கும் பஸ் ஏறியே ஆகவேண்டும்.

இந்தக் கணக்கை மாற்ற முடியுமா என்று ஒருவர் யோசித்தார். ஃபாபியோ ஸஃபாஞீனி என்பது அவர் பெயர். நிலவியல் படித்தவர், சங்கீத வியாபாரி அல்ல. 2014-ல் அவர் தம் எண்ணத்தை நண்பர்களிடம் சொன்னார். மனு எழுதிப் போடலாம். பத்தாயிரம் கையெழுத்து வாங்கலாம். ஏஜெண்டின் மேசையில் அது தூசி படிந்து கிடக்கும். ஆயிரம் பேர் சேர்ந்து அவர்கள் பாட்டையே அவர்களுக்குத் திருப்பி வாசித்துக் காட்டினால்? அதைக் கேளாமல் இருக்க முடியுமா?

பணம் ஏது? பொதுமக்களிடம் கையேந்தினார்கள். சிறுகச் சிறுகச் சேர்ந்தது. ஆட்கள் ஏது? இத்தாலியின் பல பாகங்களிலிருந்தும் வந்தார்கள். வாத்தியத்தைத் தாங்களே சுமந்து வந்தார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட உழைப்பு அது.

காதை நம்பாதே!

ஆயிரம் பேர் சேர்ந்து வாசிப்பது என்றால் என்ன என்பதைத் தொழிலாளித் தோழர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். மில்லில் நூறு தறி ஒன்றாக ஓடுவதைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒலி ஒரு விநாடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. திடலின் ஒரு கோடியில் அடிக்கும் டிரம் எழுபது மீட்டர் தள்ளி நிற்பவன் காதில் விழ ஐந்தில் ஒரு விநாடி ஆகிவிடும். ஐந்தில் ஒரு விநாடிதானே என்று அலட்சியம் செய்ய முடியாது. அவன் தன் காதில் விழுந்ததைப் பின்பற்றி அடித்தால், அவன் அடி பிந்தும். அவனைக் கேட்டு அடுத்தவன் அடித்தால் இன்னும் பிந்தும். ஒவ்வொருவனும் நேர்மையாகத்தான் அடிப்பான். ஒவ்வொருவனும் அடுத்தவனைக் கேட்டுத்தான் அடிப்பான். முடிவில் மிஞ்சுவது வெறும் இரைச்சல்!

ஆகவே என்ன செய்ய வேண்டும்? பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து அடிப்பதை விட்டுவிட்டு, எல்லோருக்கும் பொதுவான ஓர் இடத்திலிருந்து வரும் தாளத்தைப் பின்பற்ற வேண்டும். செசேனாவில் மார்கோ சபியு என்ற இசை நடத்துநர் உயரத்தில் நின்று கைகாட்ட, ஆயிரம் பேரும் ஒன்றாக வாசித்தார்கள். 250 டிரம்களும் ஒன்றாக அதிர்ந்தன.

தோழர்களே, இதை ஒரு சங்கீதச் செய்தியாக மட்டும் படித்துவிட்டுப் போகலாமா? நம் கிளைகளில் என்ன நடக்கிறது? அந்தத் தெருவில் வசூல் தொடங்கட்டும், பிறகு நாம் தொடங்குவோம் என்று இந்தத் தெரு காத்திருக்கிறது. இந்தத் தெருவைப் பார்த்து அடுத்த தெரு காத்திருக்கிறது. எல்லோரும் யோக்கியர்கள், எல்லோரும் உழைப்பாளிகள், ஆனால் ஊர்வலம் புறப்படும்போது பாதிப் பேர் டீக்கடையில் இருக்கிறார்கள்! காரணம் சோம்பல் அல்ல. பொதுவாக முடிவு செய்த வேளையைப் பார்க்காமல், பக்கத்து ஆளைப் பார்ப்பதுதான் காரணம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த ஆயிரம் பேரிடம் கேட்கப்பட்டது ஒரு பாட்டு, ஒரு நாள், ஒரே கோரிக்கை. பாட்டை அவரவர் வீட்டிலேயே பழகிக்கொண்டு வந்தார்கள். வேலை சிறியது, அளவானது, ஆனால் குறைவறச் செய்ய வேண்டியது. பத்துக் கோரிக்கையை ஒரே நோட்டீசில் அடுக்கி, பதினோராவது யாருக்கும் நினைவில்லாமல் போகும் நம் வழக்கத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் நாணம் வரத்தான் செய்யும்.

மண்ணின் பழக்கம்

செசேனா இருக்கும் பிரதேசம் எமிலியா-ரோமாஞா. இந்தப் பெயர் உழைப்பாளி இயக்கத்துக்குப் புதிதல்ல. இதே பிரதேசத்து இமோலாவில் 1874-லேயே மட்பாண்டத் தொழிலாளர்கள் தொழிற்சாலையைத் தங்கள் கூட்டுறவாக நடத்தத் தொடங்கினார்கள். பக்கத்து ரவென்னாவில் 1883-ல் நிலமற்ற கூலிகள் கூட்டுறவுச் சங்கம் கண்டார்கள். அடுத்த ஆண்டே ரோமுக்கு அருகிலுள்ள ஒஸ்தியா சதுப்பு நிலத்தை வற்றவைக்கும் வேலையை ஏற்றுப் புறப்பட்டார்கள். மலேரியாவுக்குப் பலரைப் பலி கொடுத்தும் வேலையை முடித்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பல பத்தாண்டுகள் இப்பிரதேசம் இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சியின் கோட்டையாக விளங்கியது. அக்கட்சி 1991-ல் கலைக்கப்பட்டுவிட்டது. ஆனால் கூட்டுறவுகள் இருக்கின்றன. செசேனாவின் கால்பந்து மைதானத்துக்குப் பெயர் கொடுத்திருக்கும் ஓரோஜெல் என்பதே காய்கறி விளைவிப்போரின் கூட்டுறவுதான்!

அந்தக் கட்சியின் நாளேடு 'லூனிதா'. 1924-ல் கிராம்ஷி தோற்றுவித்தது. அந்தப் பத்திரிகைக்குப் பணம் திரட்ட 1945-ல் தொடங்கிய 'லூனிதா விழா' இத்தாலியின் ஊர்தோறும் பரவிற்று. தொண்டர்கள் சமைப்பார்கள், தொண்டர்கள் பரிமாறுவார்கள், மேடையில் பாட்டும் கூத்தும் நடக்கும், நடுவே அரசியலும் பேசப்படும். சம்பளமில்லாமல் ஆயிரம் பேருக்குச் சோறாக்கிப் போட்டுப் பழகிய ஒரு மண்ணில், ஆயிரம் பேர் கிதாரோடு வந்து நிற்பது அதிசயமாகத் தோன்றவில்லை. அந்த ஆயிரம் பேரும் இடதுசாரிகள் என்று நாம் சொந்தம் கொண்டாட வரவில்லை; அது பொய்யாகிவிடும். சேர்ந்து வேலை செய்யும் பழக்கம் ஓர் ஊரில் வேரூன்றிவிட்டால், அது பாட்டுக்கும் உதவும் என்பதே நாம் சொல்வது.

அழைத்தார்கள், வந்தார்!

படமெடுத்து வெளியிட்ட சில நாட்களில் உலகெங்கும் லட்சோபலட்சம் பேர் அதைப் பார்த்தார்கள். கோஷ்டியின் தலைவர் டேவ் குரோல் தட்டுத் தடுமாறி இத்தாலிய மொழியிலேயே பதில் பேசி அனுப்பினார்: வருகிறோம் என்றார். சொன்னபடியே 2015 நவம்பர் 3-ந் தேதி செசேனாவில் அந்தக் கோஷ்டி வாசித்தது. அவ்வாண்டு ஜூன் மாதம் ஸ்வீடன் நாட்டு மேடையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டு, அதன் பின் நாற்காலியில் அமர்ந்தே வாசித்து வந்தவர் அவர்.

இதில் வேடிக்கை ஒன்றுண்டு. ஃபூ ஃபைட்டர்ஸ் பிறந்த கதையே ஒற்றை ஆளின் கதை. குரோல் முன்பு நிர்வாணா என்ற கோஷ்டியின் டிரம்காரர். அதன் தலைவர் கர்ட் கோபேன் 1994 ஏப்ரலில் மாண்டதும் அக்கோஷ்டி முடிந்தது. அதே ஆண்டு இறுதியில் குரோல் தனியே ஸ்டூடியோவுக்குள் நுழைந்து, ஏறக்குறைய எல்லா வாத்தியங்களையும் தாமே வாசித்துப் பதிவு செய்ததுதான் ஃபூ ஃபைட்டர்ஸின் முதல் இசைத்தட்டு. துக்கத்தில் தனித்து நின்ற ஒருவர் தொடங்கிய கோஷ்டியின் பாட்டை ஆயிரம் பேர் சேர்ந்து வாசித்தார்கள். நல்ல பாட்டு, பாடியவனோடு நிற்பதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஒரு கேள்வி, ஒரு எச்சரிக்கை

சில தோழர்கள் குறுக்கிடுவார்கள்: கோடி கோடியாகச் சம்பாதிக்கும் ஒருவரை வரவழைக்கவா ஓராண்டு உழைப்பு? அதே ஆயிரம் பேர் வாடகை உயர்வை எதிர்த்துக் கூடினால் ஆகாதா?

நியாயமான கேள்வி. ஆனால் பதிலும் உண்டு. சங்கீதம் கேட்கும் உரிமை வயிறு நிறைந்தவனுக்கு மட்டும் உரியதா? எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி உறக்கம் என்று நம் முன்னோர் கேட்டபோது, அந்த நடு எட்டு மணி நேரத்தை எதற்காகக் கேட்டார்கள்? படிக்க, பாட, பிள்ளைகளோடு விளையாட, மனிதனாக வாழத்தானே! மேலும், செசேனா மக்கள் கைகட்டி நின்று ஆராதிக்கவில்லை. கட்-அவுட் வைத்து மாலை போட்டிருந்தால் நாமும் சிரித்துவிட்டுப் போயிருப்போம். அவர்கள் அந்தப் பாட்டைத் தாங்களே வாசித்தார்கள். ரசிகன் பார்ப்பவனாக மட்டும் நிற்காமல் செய்பவனாக எழுந்த இடம் அது. அங்கே ரசிகன் கலைஞனுக்குச் சமமாகிறான்.

எச்சரிக்கை வேறிடத்தில் தேவை. அந்த ஆயிரம் பேர் அன்றோடு கலையவில்லை. 2016 ஜூலையில் செசேனா மைதானத்தில் முழுக் கச்சேரியே நடத்தினார்கள். 2018-ல் ஃபிளாரன்ஸ், 2019-ல் பாரிஸின் பெரிய மைதானம். வாசித்தவர்கள் அப்போதும் ஆர்வத்தால் வந்தவர்களே; பார்க்க வந்தவர்களோ சீட்டு வாங்கி வந்தவர்கள். இங்கேதான் உழைப்பாளிக் கண்ணோடு பார்க்க வேண்டும். ஒரு நாள் மனமுவந்து கொடுப்பது தொண்டு. அதே தொண்டு ஆண்டுதோறும் சீட்டுப் போட்டு விற்கப்படுமானால், வரவென்ன, செலவென்ன, மிச்சம் எங்கே போகிறது, வாசிப்பைத் தொழிலாகக் கொண்டு பிழைப்பவன் கூலிக்கு இதனால் ஊறு வருமா என்று கேட்கும் உரிமை வாசிப்பவனுக்கு உண்டு. யார் மீதும் குற்றம் சாட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. உற்சாகம் இருக்கும் இடத்தில் கணக்கு நோட்டும் இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம். ரவென்னாவின் கூலிகள் மண்வெட்டியை மட்டும் நம்பவில்லை; சங்கத்தையும் சேர்த்தே நம்பினார்கள்.

இளைஞர்கள் ரசிகர் மன்றங்களில் கூடுகிறார்கள் என்று குறைபட்டுக்கொள்ளும் ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. கூடுவது குற்றமல்ல. அவர்களுக்கு நாம் கொடுக்கும் வேலை சுவையில்லாமல் இருப்பதுதான் குற்றம். தெளிவான ஒரு வேலையை, பழகி வர அவகாசத்தோடு, எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரு தாளத்தோடு கொடுத்துப் பாருங்கள். வருவார்கள், வாத்தியத்தைத் தாங்களே சுமந்துகொண்டு வருவார்கள்!