குளிரை மறப்பது வேறு, குளிரைக் கடப்பது வேறு

மிதிவண்டியில் தனியாக நெடுந்தூரம் சென்று வந்தவர்கள் எழுதும் கட்டுரைகளில், குளிர் என்ற சொல் வந்துவிட்டால் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் பின்தொடர்கின்றன. மனஉறுதி இருந்தால் குளிர் ஒன்றும் செய்யாது என்பது ஒன்று. குளிருக்கு இதமாகக் கொஞ்சம் ‘ஏற்றிக்கொண்டால்’ போதும் என்பது மற்றொன்று. முன்னதை வீரம் என்றும் பின்னதை அனுபவ ஞானம் என்றும் வாசகர் எடுத்துக்கொள்கிறார். இரண்டும் பொய். போதாததற்கு, இலக்கியம் படித்தவர்களாகிய நாமே அவற்றுக்குச் சான்றிதழ் எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். என் சண்டை முதன்மையாக நம்மவர்களோடுதான்.

“தமிழ்நாட்டில் ஏது ஐயா குளிர்?” என்று கேட்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாகக் கரியாலூரையும் வெள்ளிமலையையும் நோக்கி மார்கழியில் மிதிவண்டி மிதித்துப் பாருங்கள். கல்வராயன் மலை இமயம் அன்று. அதன் பெரும்பகுதி 2000 முதல் 3000 அடி உயரந்தான். வெப்பமானி காட்டும் எண்ணைப் பார்த்தால் வடநாட்டார் சிரிப்பார்கள். ஆனால் மிதிவண்டிக்காரனின் குளிர் வெப்பமானியில் இல்லை. அவனுடைய நனைந்த சட்டையில் இருக்கிறது. ஏற்றத்தில் உடல் உலையாகிறது, பருத்திச் சட்டை வியர்வையைக் குடித்துக் கனக்கிறது. வளைவு திரும்பி இறக்கம் தொடங்கியதும் கால்கள் ஓய்கின்றன. உடலுக்குள் வெப்பம் உண்டாவது குறைந்துவிடுகிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்று அந்த ஈரத்தை உலர்த்த, அதற்கான வெப்பம் தோலிலிருந்து பறிபோகிறது. ஐப்பசி, கார்த்திகை என்றால் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொள்ளும். உடலின் உள்வெப்பம் 37 டிகிரியிலிருந்து 35க்குக் கீழே இறங்கிவிட்டால் அது மருத்துவ ஆபத்து. அதற்கு உறைபனி வேண்டியதில்லை. ஈரமும் காற்றும் களைப்பும் போதும்.

இங்கே மனஉறுதிக்கு என்ன வேலை? குளிர் முதலில் தாக்குவது விரல்களை. விறைத்த விரல் பிரேக்கை அழுத்தாது. அடுத்து நாக்கு குழறுகிறது, நடை தடுமாறுகிறது, தீர்மானிக்கும் திறன் மழுங்குகிறது. எந்த மனத்தின் உறுதியை நம்பச் சொல்கிறார்களோ அந்த மனமே பழுதாகிறது. கூட ஒருவர் இருந்தால் “ஏன் உளறுகிறாய்?” என்று கேட்பார். தனியே செல்பவனுக்கு அதைச் சொல்ல ஆளில்லை. ஆகவே தனிப் பயணிக்கு வேண்டியது வீரம் அன்று, முன்கூட்டியே செய்துவைத்த சில ஏற்பாடுகள்: இறக்கத்திற்கு முன் மாற்றிக்கொள்ள நனையாத உள்சட்டை ஒன்று, காற்றைத் தடுக்கும் மழைக்கோட்டு, கையுறை, பசிக்கும் முன்பே உணவு, இருட்டும் முன்பே தங்குமிடம். மழைக்கோட்டு இல்லையா? நெஞ்சுக்கும் சட்டைக்கும் இடையே நாளிதழ்த் தாள்களைச் செருகிக்கொள்ளலாம். ஐரோப்பிய மலைப்பந்தய வீரர்கள் நெடுங்காலம் செய்துவந்த உத்தி இது. நம் நாளிதழ்களால் ஆகக்கூடிய நன்மைகளுள் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அயர்லாந்துக்காரரான டெர்வ்லா மர்ஃபி 1963 ஜனவரியில், ஐரோப்பாவின் மிகக் கொடிய குளிர்காலங்களுள் ஒன்றில், தனியாக இந்தியாவை நோக்கி மிதிவண்டியில் கிளம்பினார். யூகோஸ்லாவியாவில் பனி வழியை மறித்தபோது லாரியில் ஏறிக்கொள்ள அவர் தயங்கவில்லை. அதை மறைக்காமல் எழுதவும் செய்தார். தில்லி வந்து சேர்ந்தார். அவருடைய துணிவை யாரும் ஐயுறவில்லை. நம் கட்டுரையாளர்களோ பேருந்தில் ஏறியதை எழுதக் கூசுகிறார்கள்.

இனி இரண்டாவது பொய். “சங்கத் தமிழனே குளிருக்குக் கள்ளுண்டான், நெடுநல்வாடையைப் பாருங்கள்” என்று மேற்கோள் காட்டும் புலமையாளர்கள் உண்டு. பார்ப்போம். கூதிர்காலத்தைப் பாடிய அந்தப் பத்துப்பாட்டு நூலில் நக்கீரர் இருவகை மக்களைக் காட்டுகிறார். ஒரு வகையினர் குளிரைச் சமாளிப்பவர்கள். வெள்ளத்துக்கு அஞ்சி மேட்டுநிலம் சேர்ந்த கோவலர் தீயில் கை காய்ச்சுகிறார்கள். நகரத்தார் குளிர்ந்த நீரைத் தவிர்க்கிறார்கள், காற்று புகும் சாளரத்தை அடைக்கிறார்கள், அகன்ற வாயுடைய தடாவில் நெருப்பிட்டுக் குளிர் காய்கிறார்கள். மற்றொரு வகையினர், தேறலை மாந்திவிட்டு மழைத்துளியைப் பொருட்படுத்தாமல் தெருவில் திரியும் முழுவலி மாக்கள். கவனியுங்கள்: கள் அவர்களுக்கு வெப்பம் தந்தது என்று நக்கீரர் சொல்லவில்லை. அவர்கள் குளிரைப் பேணவில்லை என்றுதான் சொல்கிறார். குளிர் இருக்கிறது, உணர்வுதான் இல்லை. இன்றைய உடலியல் சொல்வதும் இதையே. மது தோலுக்கு அருகிலுள்ள இரத்தக் குழாய்களை விரிக்கிறது; சூடு ஏறுவதுபோல் தோன்றுகிறது; உண்மையில் உள்வெப்பம் வெளியேறிக்கொண்டிருக்கிறது. எச்சரிக்க வேண்டிய நடுக்கத்தையும் அது மட்டுப்படுத்துகிறது. மதுக்கடைக்குச் சான்றாக நெடுநல்வாடையைக் காட்டுபவர் அதைப் படிக்கவில்லை என்பதே பொருள்.

இது வெறும் உரைகாரர் சண்டை அன்று. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அவர்கள் குளிருக்காகக் குடித்தவர்கள் அல்லர். உழைத்த உடம்பின் வலி மறக்கக் குடித்தவர்கள் அவர்களுள் பலர். ஆனால் ‘இதம்’ என்ற சொல் இரண்டு இடத்திலும் ஒரே பொய்யைத்தான் சொல்கிறது: உணர்வு மரத்தால் துன்பம் தீர்ந்தது என்ற பொய். அந்த ஊரைக் கடந்து மலையேறிய ஒருவர் கல்வராயனில் குடித்த ‘மலைச்சரக்கை’ப் பற்றிச் சுவைபட எழுதுவாரானால், அவருடைய நடை எவ்வளவு அழகாயினும் எனக்கு ஒப்புதல் இல்லை.

கடைசியாக ஒன்று. ‘குளுகுளு’ என்று எழுதுகிறோமே, அது யாருடைய குளிர்? வந்துபோகிறவனின் குளிர். அந்த மலையில் சாமையும் மரவள்ளியும் பயிரிட்டு வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு அது ரசிக்கும் பொருள் அன்று. விறகு, கம்பளி, ஒழுகாத கூரை ஆகியவற்றின் கணக்கு. நக்கீரருக்கு அந்தக் கணக்கு தெரிந்திருந்தது. அதனால்தான் அவருடைய அரசன் குளிர்ந்த நள்ளிரவில் கூடாரத்தில் உறங்காமல், புண்பட்ட வீரர்களைப் பார்க்க மழைக்காற்றில் நடக்கிறான். தன் குளிரைப் பாடுவதைவிடப் பிறர் குளிரைக் காண்பது பெரிது. மிதிவண்டி நண்பர்கள் அடுத்த கட்டுரையில் இந்த இரண்டையும் எழுதட்டும்: எப்படிச் சமாளித்தார்கள் என்பதை மறைக்காமலும், யாருடைய அடுப்படியில் குளிர் காய்ந்தார்கள் என்பதை மறவாமலும்.